எல்லைச் சாவடியில் சிக்கும் 'ஸ்டாம்ப்': தாளுக்குள் இருப்பது என்ன?

புது தில்லி: பாலக்காடு மாவட்டத்தின் வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், இடுக்கி மாவட்டத்தின் சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. தமிழகத்திலிருந்து கேரளத்துக்குள் நுழையும் இந்த வழிகளில் சோதனை என்றால் ஒரு காலத்தில் எரிசாராயமும் கஞ்சாவும்தான் நினைவுக்கு வரும். இரண்டுமே மணத்தால் காட்டிக் கொடுக்கும். எடையால் காட்டிக் கொடுக்கும். கடந்த சில ஆண்டுகளாக கேரள கலால் துறையினர் தேடுவது வேறொன்றை. பெங்களூரிலிருந்து ஒசூர், சேலம், கோவை வழியாக இரவு முழுவதும் ஓடி அதிகாலையில் வாளையாறை அடையும் பேருந்துகளில், பணப்பைக்குள்ளோ புத்தகப் பக்கங்களுக்கு இடையிலோ வைக்கக்கூடிய, மணமற்ற, நிறமற்ற, அரை அங்குலத்துக்கும் குறைவான தாள்துண்டு அது. கேரளத்தில் அதற்குப் பெயர் 'ஸ்டாம்ப்'.

பிடிபட்ட தாளை எல்.எஸ்.டி. என்று எழுதி வழக்குப் பதிவு செய்வது வழக்கம். நாளிதழ்களிலும் அப்படியே செய்தி வருகிறது. ஆனால் அந்தத் தாளில் இருப்பது உண்மையில் எல்.எஸ்.டி.தானா, வேறொரு ரசாயனமா, அல்லது ஒன்றுமே இல்லாத வெறும் தாளா என்ற கேள்விக்கு சாவடியில் நிற்கும் அலுவலரால் உறுதியான பதில் சொல்ல இயலாது. இது வெறும் அறிவியல் ஐயம் அல்ல. ஒருவர் ஓராண்டு சிறைக்குப் போவதா, இருபது ஆண்டுகளா என்பதும், மருத்துவமனைக்குக் கொண்டு வரப்படும் இளைஞர் பிழைப்பதா என்பதும் இந்தப் பதிலைச் சார்ந்தே இருக்கின்றன.

சாலக்குடியின் 12 தாள்கள்

வெறும் தாள் என்ற சாத்தியம் கற்பனையல்ல என்பதை 2023-ஆம் ஆண்டு சாலக்குடி காட்டியது. பாலக்காட்டை அடுத்துள்ள திருச்சூர் மாவட்டத்தின் அச்சிறு நகரில் அழகு நிலையம் நடத்தி வந்த பெண் ஒருவரின் பையிலிருந்து 12 எல்.எஸ்.டி. ஸ்டாம்புகளைக் கைப்பற்றியதாகக் கூறி, பிப்ரவரி 27-ஆம் தேதி கலால் துறையினர் அவரைக் கைது செய்தனர். 72 நாள்கள் அவர் சிறையில் இருந்தார். உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கிய பிறகே வெளியே வந்தார். அரசு வேதியியல் ஆய்வகம் அந்தத் தாள்களைப் பரிசோதித்தபோது அவற்றில் எல்.எஸ்.டி. இல்லை என்று தெரியவந்தது. அச்செய்தி ஜூன் மாத இறுதியில்தான் வெளியுலகை எட்டியது. ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. சம்பந்தப்பட்ட கலால் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இவரைச் சிக்கவைக்கத் திட்டமிட்டே தாள்கள் வைக்கப்பட்டன என்ற கோணத்தில் விசாரணை நீண்டு, 2025-இல் இருவர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் ஒருவர் அப்பெண்ணின் குடும்பத்துக்கு உறவினர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொய்த் தகவல் கொடுத்தவர்களின் நோக்கம் குற்ற விசாரணைக்குரியது; அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அவர்களுடைய திட்டம் பலித்ததற்குக் காரணம், ஸ்டாம்ப் என்று சொல்லப்படும் எந்தத் தாளையும் ஆய்வக முடிவு வரும் வரை எல்.எஸ்.டி.யாகவே கருதும் நடைமுறை. ஒரு கிலோ வைக்கோலைக் கஞ்சா என்று யாரும் நம்பமாட்டார்கள். வண்ணப் படம் அச்சிட்ட தாளை நம்புவார்கள்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இனி மறுபக்கம். தாளில் எல்.எஸ்.டி. இல்லாமல் அதைவிட ஆபத்தான ஒன்று இருந்தால்?

எல்.எஸ்.டி.யைப் பற்றி உலகுக்கு ஓரளவு நன்றாகவே தெரியும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-இல் அதை முதன்முதலாகத் தயாரித்தார். அதன் மனமயக்க ஆற்றல் அவருக்கே தெரியவந்தது 1943 ஏப்ரலில். ரை எனப்படும் தானியத்தின் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையின் வேதிப்பொருள்களை ஆராய்ந்தபோது கிடைத்தது அது. நமது விவசாயிகளுக்கும் எர்காட் புதிதன்று. கம்புக் கதிரில் தேன் ஒழுகல் நோயாக அதன் உறவுக்காரப் பூஞ்சையைக் கண்டிருப்பார்கள். (கம்பில் வரும் பூஞ்சையின் நஞ்சு வேறு வகை, அதிலிருந்து எல்.எஸ்.டி. கிடைக்காது.) பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கை நிறுத்த அரசு மருத்துவமனைகளில் இன்றும் போடப்படும் மெத்தில் எர்கோமெட்ரின் ஊசியும் இதே எர்காட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மனநல மருத்துவர்கள் எல்.எஸ்.டி.யை விரிவாகச் சோதித்தனர். 1971-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை அதை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்த பின் ஆய்வுகள் ஏறத்தாழ நின்றுபோயின. இப்போது மீண்டும் தொடங்கியுள்ளன. பதற்றநோய்க்கான சிகிச்சையில் எல்.எஸ்.டி. அடிப்படையிலான ஒரு மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் சிறப்பு முன்னுரிமைத் தகுதி அளித்தது. மனநிலையைக் குலைக்கும், விபத்துக்கு இட்டுச் செல்லும், மனநோய்க்கு ஆளாகும் இயல்புடையவர்களைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் எல்.எஸ்.டி.யின் நேரடி நச்சுத்தன்மையால் மட்டும் நேரும் மரணம் மிக அரிது என்பது மருத்துவ உலகின் கணிப்பு.

25ஐ-என்பிஓஎம்இ என்ற பொருளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. சுருக்கமாக 'என்-போம்' எனப்படும் இது முழுக்க முழுக்க ஆய்வகத்தில் பிறந்தது. ஜெர்மனியின் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஹைம் என்ற ஆய்வாளரின் முனைவர் பட்ட ஆய்வில், 2003-இல் இது விவரிக்கப்பட்டது. யாரையும் போதையில் ஆழ்த்துவது அவர் நோக்கமல்ல. மூளையில் செரடோனின் என்ற ரசாயனத்தை ஏற்கும் பல ஏற்பிகளில் 5-எச்.டி.2ஏ என்ற ஒன்றை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும் மூலக்கூறு தேவைப்பட்டது. அதற்காக உருவாக்கப்பட்டவற்றில் இது ஒன்று. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளைக் கதிரியக்கக் குறியிட்டு, மூளையைப் படம்பிடிக்கும் ஆய்வுகளில் டென்மார்க் விஞ்ஞானிகள் பயன்படுத்தினர். அங்கே செலுத்தப்படுவது உணர்வில் எந்த மாற்றமும் ஏற்படுத்தாத நுண்ணளவு மட்டுமே.

ஆய்வுக் கட்டுரையிலிருந்து தெருவுக்கு இது வர ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்தான் ஆயின. 2010 வாக்கில் இணையத்தில் விற்பனைக்கு வந்தது. மனிதர்களுக்கு எந்த அளவு பாதுகாப்பானது, எந்த அளவு ஆபத்து, உடலில் எவ்வளவு நேரம் தங்கும் என்பனவற்றை அறியும் மருத்துவச் சோதனை எதுவும் அதற்கு முன் நடக்கவில்லை. வாங்கியவர்களே சோதனை எலிகள் ஆயினர். அவர்களில் பலருக்குத் தாங்கள் வாங்கியது இன்னதென்றே தெரியாது என்பதுதான் கொடுமை. காரணம், ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவே போதுமானது என்பதால் எல்.எஸ்.டி.யைப் போலவே இதையும் தாளில் ஏற்ற முடியும். தயாரிப்பதும் எளிது, செலவும் குறைவு. எல்.எஸ்.டி. என்று சொல்லியே விற்றார்கள்.

இதைப் பற்றி அறிந்தவை பெரும்பாலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்தும் பிரேதப் பரிசோதனைகளிலிருந்தும் வந்தவை. விழுங்கினால் அதிகம் வேலை செய்வதில்லை. நாக்கின் அடியிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வைத்தால் உறிஞ்சப்படுகிறது. நாக்கில் கசப்பும் மரத்துப்போன உணர்வும் தோன்றுவதாக உட்கொண்டவர்கள் கூறியுள்ளனர், எல்.எஸ்.டி.க்குச் சுவையே கிடையாது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் உயர்கின்றன. கட்டுக்கடங்காத கலக்கம், வலிப்பு, உடல் வெப்பம் கடுமையாக ஏறுதல், தசைகள் சிதைந்து அந்தச் சிதைவுப் பொருள்கள் சிறுநீரகத்தை அடைத்தல் என்று நிலைமை முற்றுகிறது. 2012 முதல் அமெரிக்காவில் பதின்ம வயதினர் உள்ளிட்டோரின் மரணங்கள் பதிவாயின. மாற்று மருந்து கிடையாது. பென்சோடையசெபைன் வகை மருந்துகளால் வலிப்பையும் கலக்கத்தையும் அடக்கி, உடலைக் குளிர்வித்து, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியதுதான். அதற்கு மருத்துவருக்கு முதலில் ஐயம் எழ வேண்டும். வழக்கமான சிறுநீர்ப் போதைப் பரிசோதனையில் இது தென்படாது.

அமெரிக்கா 2013 நவம்பரில் இதைத் தற்காலிகமாகத் தடை செய்தது. ஐ.நா. போதைப் பொருள் ஆணையம் 2015 மார்ச்சில் இதையும் இதன் இரு சகோதரப் பொருள்களையும் சர்வதேசப் பட்டியலில் சேர்த்தது. பெர்லினில் பெயர் சூட்டப்பட்டதற்கும் பட்டியலில் ஏறியதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்.

இதற்குள் வியாபாரிகள் அடுத்த படிக்குப் போய்விட்டனர். எல்.எஸ்.டி.யின் மூலக்கூறில் சிறு ஒட்டு ஒன்றைச் சேர்த்த 1பி-எல்.எஸ்.டி. ஐரோப்பாவில் 2015 வாக்கில் தோன்றியது. உடலுக்குள் சென்றதும் ஒட்டு கழன்று எல்.எஸ்.டி.யாகவே மாறுகிறது, தாளில் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் வேறு பொருள். ஜெர்மனி அதைத் தடை செய்ததும் வேறொரு ஒட்டுடன் அடுத்தது வந்தது. அதையும் தடை செய்ததும் இன்னொன்று. இப்படி ஐ.நா.வின் முன்னெச்சரிக்கை அமைப்பில் பதிவான புதிய மனமயக்கப் பொருள்களின் எண்ணிக்கை 1,200-ஐத் தாண்டிவிட்டது.

மலைப்பாதையும் தபால் பையும்

இடுக்கியைப் பொறுத்தவரை போதைப் பொருள் என்பது பழைய கதை. ஏலத் தோட்டங்களுக்கு அப்பால், காட்டுக்குள் விளைந்த கஞ்சாவுக்கு 'இடுக்கி கோல்டு' என்ற பெயரே சந்தையில் நிலைத்தது. 2013-இல் அப்பெயரில் மலையாளத் திரைப்படமும் வந்தது. தொடர் வேட்டைகளால் அந்தச் சாகுபடி ஒடுங்க, ஆந்திர-ஒடிசா எல்லைக் காடுகளில் விளைவது தமிழகம் வழியாகக் கேரளத்துக்குப் போகத் தொடங்கியது. அந்த வழித்தடத்தில் சோதனை என்றால் எல்லைச் சாவடிதான் சரியான இடம். பொருள் சாலை வழியே வருகிறது, சாலையில் பிடிக்கலாம்.

ஸ்டாம்ப் அப்படி வருவதில்லை, அல்லது அப்படி மட்டும் வருவதில்லை. 2020 டிசம்பரில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் ஒரு விடுதியில் நடந்த இரவு விருந்தில் போலீசார் நுழைந்தபோது சுமார் 60 பேர் அங்கிருந்தனர், எல்.எஸ்.டி. தாள்களும் எம்.டி.எம்.ஏ.வும் கைப்பற்றப்பட்டன, ஒன்பது பேர் கைதாயினர். மலைப் பிரதேசத்தில் விளையும் பொருளை நகரத்தார் வாங்கிய காலம் போய், நகரத்தார் பொருளுடன் மலைக்கு வரும் காலம் அது.

2023 ஜூனில் மத்திய போதைப் பொருள் தடுப்புப் பிரிவு (என்சிபி) நாட்டின் பல பகுதிகளில் நடத்திய நடவடிக்கையில் ஏறத்தாழ 15,000 எல்.எஸ்.டி. தாள்களைக் கைப்பற்றி ஆறு பேரைக் கைது செய்ததாக அறிவித்தது. இணையத்தின் மறைவுச் சந்தைகள், மெய்நிகர் நாணயம், வெளிநாட்டுத் தபால் ஆகிய மூன்றையும் கொண்டு இயங்கிய வலைப்பின்னல் அது. 2025 ஜூன் இறுதியில் கொச்சியில் நடந்த நடவடிக்கை இதே பாணியைக் கேரளத்துக்குள்ளேயே காட்டியது. 28-ஆம் தேதி தபால் பொதிகளிலிருந்து 280 தாள்கள், மறுநாள் மூவாற்றுப்புழையைச் சேர்ந்த ஒருவரின் வீட்டிலிருந்து 847 தாள்கள், அத்துடன் 131.66 கிராம் கெட்டமைனும், சுமார் ரூ. 70 லட்சம் மதிப்புள்ள மெய்நிகர் நாணயமும். 'கெட்டமெலன்' என்ற புனைபெயரில் மறைவுச் சந்தையில் அவர் விற்று வந்தார் என்பது என்சிபியின் குற்றச்சாட்டு. அதன் தொடர்ச்சியாக இடுக்கி மாவட்டம் பாஞ்சாலிமேட்டில் சுற்றுலா விடுதி நடத்திய தம்பதியரும், ஆஸ்திரேலியாவுக்குக் கெட்டமைன் அனுப்பியதாகக் கூறப்படும் விவகாரத்தில் கைது செய்யப்பட்டனர். இவை விசாரணை அமைப்பு கூறுபவை. நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட வேண்டியவை.

ஆனால் வழிமுறையைப் பற்றி ஐயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் கடித உறைக்கு வாளையாறும் இல்லை, குமுளியும் இல்லை. அதே நேரத்தில் சாவடிகளில் ஆண்டுதோறும் கெடுபிடி அதிகரிக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கேரளத்தில் பதிவான வழக்குகள் 26,619. மகாராஷ்டிரத்தில் 13,830; 'உட்தா பஞ்சாப்' என்று படமே எடுக்கப்பட்ட பஞ்சாபில் 12,442. நாட்டிலேயே கேரளம்தான் முதலிடம். இதை வைத்து கேரளத்தில்தான் போதை அதிகம் என்று முடிவு கட்டுவது தவறு. ஒரு கஞ்சா பீடிக்கும் வழக்குப் போடும் மாநிலமும், லாரியைப் பிடித்தால் மட்டும் வழக்குப் போடும் மாநிலமும் ஒரே பட்டியலில் வருகின்றன. கேரளத்தின் வழக்குகளில் பெரும்பகுதி சொந்த உபயோகத்துக்கான சிறு அளவு தொடர்பானவை.

இந்தக் கெடுபிடியின் சுமை யார் மீது விழுகிறது என்பதைத் தமிழக வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்து விடியலில் மலையேறி ஏலக்காய் பறித்து, மாலையில் இறங்கும் தொழிலாளர்கள் நாளுக்கு இருமுறை சாவடியைக் கடக்கிறார்கள். கோவைக் கல்லூரிகளில் படிக்கும் பாலக்காட்டு மாணவர்கள் வாரந்தோறும் கடக்கிறார்கள். சித்தூர் வட்டத்திலும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு எல்லை என்பது வரைபடத்தில் மட்டும் உள்ளது. ஒருவரது பையிலிருந்து ஒரு வண்ணத் தாள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை இனிப் பார்ப்போம்.

தாளை நிறுத்துப் பார்க்கும் சட்டம்

போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2001-இல் செய்யப்பட்ட திருத்தம் தண்டனையை அளவோடு இணைத்தது. பாராட்டத்தக்க திருத்தம்தான், அதற்கு முன் சிறு பொட்டலம் வைத்திருந்தவருக்கும் பெரும் கடத்தல்காரருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை என்ற நிலை இருந்தது. புதிய முறைப்படி 'சிறு அளவு' என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ. 10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டுகள் வரை. 'வணிக அளவு' என்றால் குறைந்தது பத்தாண்டுகள், அதிகபட்சம் இருபது. வணிக அளவு வழக்கில் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் திருப்தியடைந்தாலன்றி ஜாமீன் கிடையாது என்கிறது 37-ஆவது பிரிவு.

எல்.எஸ்.டி.க்கு சிறு அளவு 0.002 கிராம். வணிக அளவு 0.1 கிராம். ஒரு தாளில் சுமாராக 0.1 மில்லிகிராம் எல்.எஸ்.டி. இருப்பதாகக் கொண்டால் 20 தாள்கள் வரை சிறு அளவு. வணிக அளவை எட்ட 1,000 தாள்கள் வேண்டும். காகிதத்தில் இந்தக் கணக்கு நியாயமாகவே தோன்றுகிறது. கோளாறு அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது.

2009 நவம்பரில் மத்திய நிதி அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, தூய போதைப் பொருளின் எடையை மட்டுமல்ல, கலவை முழுவதன் எடையையும் கணக்கிட வேண்டும் என்றது. 2008-இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தூய பொருளின் எடையே கணக்கு என்று கூறியதற்கு எதிர்வினை அது. 2020 ஏப்ரல் 22-இல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2008 தீர்ப்பைத் தள்ளி, கலப்படப் பொருளையும் சேர்த்தே எடையிட வேண்டும் என்று முடிவு செய்தது. ஹெராயினுடன் மாவைக் கலந்து விற்பவர் அந்த மாவைக் காட்டித் தப்பக் கூடாது என்பது அதன் தர்க்கம். ஹெராயினுக்கு அது பொருந்தும். தாளுக்குப் பொருந்துமா? தாளை யாரும் போதைக்காகக் கலப்பதில்லை. அது கிண்ணம் போல ஒரு கொள்கலன் என்பது ஒரு வாதம். நாக்கில் வைக்கும்போது தாளும் சேர்ந்தே போகிறது என்பதால் அதுவும் பொருளின் பகுதியே என்பது எதிர்வாதம். பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இல் இரண்டாவது வாதத்தை ஏற்றது.

விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 15,000 தாள்கள் பிடிபட்ட 2023 நடவடிக்கையின்போது, இது வணிக அளவைப் போல சுமார் 2,500 மடங்கு என்று அதிகாரிகள் கூறினர். அதாவது ஏறத்தாழ 250 கிராம். ஒரு தாளுக்கு 16 மில்லிகிராமுக்கு மேல். இது ரசாயனத்தின் எடையல்ல, தாளின் எடை. தாளுக்கு 0.1 மில்லிகிராம் என்று ரசாயனத்தை மட்டும் கணக்கிட்டால் 15 மடங்குதான் வரும். பெரிய வலைப்பின்னலைப் பொறுத்தவரை 15 மடங்கானாலும் 2,500 மடங்கானாலும் தண்டனை ஒன்றுதான். யாரும் இரங்கப் போவதில்லை. ஆனால் ஒரே ஒரு தாளுடன் பிடிபடும் மாணவரின் நிலை என்ன? 16 மில்லிகிராம் என்பது சிறு அளவின் எட்டு மடங்கு. சட்டத்தில் 'சிறு அளவு' என்று ஒரு படி இருந்தும், எல்.எஸ்.டி.யில் ஒரு முழுத் தாள் வைத்திருப்பவர்கூட அந்தப் படியில் நிற்க முடியாது. ஏழு தாள்கள் இருந்தால் வணிக அளவு. பத்தாண்டுகள்.

சாலக்குடியில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவை 12.

அமெரிக்கா இதே புதைகுழியில் முன்பே விழுந்தது. சாப்மன் வழக்கில் 1,000 தாள்களில் இருந்த எல்.எஸ்.டி. 50 மில்லிகிராம், தாளுடன் சேர்ந்து 5.7 கிராம். தாளையும் சேர்த்தே நிறுக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. அதன் அநீதியை உணர்ந்த தண்டனை ஆணையம் 1993-இல் தாள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஒரு தாளுக்கு 0.4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளும்படி வழிகாட்டு விதியை மாற்றியது. கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைக்கு மட்டும் பழைய கணக்கே தொடர்ந்தது. அரைகுறைத் தீர்வுதான், ஆனாலும் தீர்வு.

நம் நீதிமன்றங்களிலேயே மாற்றுச் சிந்தனைக்கு உதாரணம் உண்டு. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், மனமயக்கம் தரும் காளானைக் கலவையாகக் கருதி முழு எடையையும் கணக்கிட முடியாது, அதிலுள்ள சைலோசைபின் எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இயற்கையாக வளர்ந்த காளானுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை தாளுக்குக் கிடையாது.

ஆய்வகத்தின் வாசலில்

சட்டம் பெயரைப் பார்க்கிறது, எடையைப் பார்க்கிறது. இரண்டையும் உறுதி செய்யும் பொறுப்பு ஆய்வகத்துடையது. கேரளத்தில் திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு ஆகிய மூன்று இடங்களில் அரசு வேதியியல் ஆய்வகங்கள் உள்ளன. கலால், போலீஸ் ஆகியவற்றின் மாதிரிகள் அங்கேதான் போகின்றன. பாலக்காடு, இடுக்கி இரண்டு மாவட்டங்களிலும் ஆய்வகம் இல்லை.

சாவடியில் முதல்கட்டமாகச் செய்யக்கூடியவை எளியவை. எல்.எஸ்.டி. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். எர்லிக் என்ற வினைப்பொருளில் ஒரு துளி விட்டால் ஊதா நிறம் தோன்றும். என்-போம் வகைகளுக்கு எர்லிக்கில் நிறம் வராது. ஆக, நிறம் வரவில்லை என்றால் தாள் வெறுமையானது என்றும் சொல்ல முடியாது, ஆபத்தற்றது என்றும் சொல்ல முடியாது, எல்.எஸ்.டி. அல்ல என்று மட்டும் சொல்லலாம். நிறம் வந்தாலும் 1பி-எல்.எஸ்.டி. போன்ற உறவுப் பொருளாக இருக்கலாம். உறுதி செய்ய நிறமாலை நிறைமானி போன்ற கருவியும், ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு பொருளின் தூய மாதிரியும் தேவை. 1,200 பொருள்களுக்கும் தூய மாதிரி வைத்திருக்கும் மாநில ஆய்வகம் எங்கே இருக்கிறது?

ஆய்வகங்களின் போதாமையை உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் தானா சிங் வழக்கில் விரிவாகவே சுட்டிக்காட்டி, கருவிகளையும் பணியாளர்களையும் பெருக்க உத்தரவிட்டது. 2022 டிசம்பரில் வெளியான மத்திய விதிகள் மாதிரி கிடைத்த 15 நாள்களுக்குள் ஆய்வகம் அறிக்கை தர வேண்டும் என்கின்றன. அந்த விதி வெளியாகி இரண்டு மாதங்களுக்குப் பிறகுதான் சாலக்குடிப் பெண் கைதானார். அவர் 72 நாள்கள் உள்ளே இருந்தார்.

இன்னொரு குறையும் உண்டு. ஆய்வகம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. 'எல்.எஸ்.டி. இல்லை' என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கு விடுதலை. மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அது போதாது. வேறு என்ன இருந்தது என்பதே அங்கு தேவை. நெதர்லாந்தில் 1992 முதல் மக்கள் தாங்களே கொண்டுவரும் போதைப் பொருளைச் சோதித்து, புதிய நஞ்சு தென்பட்டால் எச்சரிக்கை வெளியிடும் அரசு ஆதரவு அமைப்பு உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் நாடுகளுக்கிடையே முன்னெச்சரிக்கைத் தகவல் பரிமாற்றம் நடத்துகிறது. மக்கள் கொண்டுவந்து சோதிக்கும் முறை இந்தியச் சூழலுக்கு ஏற்குமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் பறிமுதல் செய்த தாள்களில் உண்மையில் என்ன இருந்தது என்பதை மருத்துவமனைகளுக்குத் தெரிவிக்க எந்தக் கருத்து வேறுபாடும் தடையாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தகவல் ஏற்கெனவே ஆய்வகங்களின் கோப்புகளில் இருக்கிறது.

நார்த் பிளாக்கின் அட்டவணை

தலைநகரில் இந்த விவகாரம் இரண்டு அமைச்சகங்களுக்கு இடையே பிரிந்து கிடக்கிறது. என்சிபி உள்துறையின் கீழ் இயங்குகிறது. சட்டமும் அதன் அட்டவணைகளும் நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை வசம். பிடிப்பவர் ஒருவர், எதைப் பிடிக்க வேண்டும் என்று எழுதுபவர் மற்றொருவர். இந்தியச் சட்டம் பெயர் குறிப்பிட்ட பொருள், அதன் உப்புகள், தயாரிப்புகள் ஆகியவற்றை மட்டுமே தழுவுகிறது. அதே போன்ற வேறு மூலக்கூறுகளை மொத்தமாகத் தழுவும் விதி அதில் இல்லை. மெபெட்ரோன் மும்பையில் தலைவிரித்தாடி வெகுநாள் கழித்து 2015 பிப்ரவரியில்தான் பட்டியலில் ஏறியது. பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு பொருளைத் தாளில் ஏற்றி விற்பவரை என்ன செய்வது என்பதற்கு விடையில்லை. வெறும் தாளுடன் நிற்பவர் மட்டும் 72 நாள்கள் உள்ளே இருக்கிறார்.

மனம் வைத்தால் விரைந்து செயல்பட இயலும் என்பதும் தெரிந்ததே. 2014 திருத்தத்தில் நேர்ந்த எண் பிழையால் 27ஏ பிரிவு செயலற்றுப் போனதைத் திரிபுரா உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் சுட்டிக்காட்டியது. செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் நாடாளுமன்ற ஒப்புதல். ஆறே மாதம். அதே ஆண்டில் சொந்த உபயோகத்துக்கான சிறு அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என சமூக நீதி அமைச்சகம் யோசனை கூறியதாக வந்த செய்தி, அத்துடன் அமுங்கிப்போனது.

எல்.எஸ்.டி.க்கு எடைக்குப் பதிலாகத் தாள்களின் எண்ணிக்கையையோ, தூய பொருளின் எடையையோ அளவுகோலாக வைப்பதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 0.002 கிராம், 0.1 கிராம் என்ற எண்கள் 2001 அக்டோபர் 19-ஆம் தேதியிட்ட ஓர் அறிவிக்கையின் அட்டவணையில் உள்ளவை. கலவை முழுவதையும் நிறுக்கச் சொன்ன 2009 உத்தரவும் அந்த அட்டவணையின் அடிக்குறிப்புதான். அதை மாற்றும் அதிகாரம் வருவாய்த் துறையிடமே உள்ளது.